உரியவர் வராத சுவர்

உட்கார்ந்திருப்பதற்கு ஒரு பரீட்சை வைத்தால் நான் விடைத்தாளில் பெயர் எழுதும் முன்பே பெயிலாகிவிடுவேன். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகிறது. இன்னும் எந்த நாற்காலியிலும் முழுதாக நாலு நிமிஷம் உட்கார்ந்ததில்லை. செய்தித்தாளைக்கூட சமையலறையில் ஒரு பக்கம், மாடிப்படியில் ஒரு பக்கம், வாசலில் ஒரு பக்கம் என்று நடந்துகொண்டேதான் படிப்பேன். "உலகச் செய்தி படிக்க உலகத்தையே சுத்தணுமாப்பா?" என்பாள் மகள்.

குற்றம் என்னுடையதல்ல, காலுடையது. முப்பத்து மூன்று வருஷம் நகரப் பேருந்துக் கழகத்தின் தவறவிட்ட பொருள்கள் கவுன்டரில் நின்ற கால். மனிதர்கள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகாத சாமான் உலகத்தில் கிடையாது. குடை மட்டும் நாலு லட்சம் பார்த்திருப்பேன். மகள் நாலாயிரம் என்பாள். அவளுக்கு எண்ணத் தெரியும், ரசிக்கத் தெரியாது. மாப்பிள்ளையே எனக்கு அந்தக் கவுன்டரில் கிடைத்தவர்தான். பொய்ப்பல் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் ஒருவர் பஸ்ஸில் விட்டுவிட்ட பல்செட்டைத் தேடிக்கொண்டு வந்தார். தட்டில் இருந்த பதினோரு செட்டையும் முன்னால் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே தன் கைவேலையை எடுத்துவிட்டார். இவருக்குப் பெண்ணைக் கொடுக்கலாம் என்று அந்த நிமிஷமே தீர்மானித்தேன். மகள் அதற்கு ஒரு வருஷம் முன்பே தீர்மானித்துவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டு வருஷம் ஆயிற்று, அவர்களுக்குக் குழந்தை இல்லை. போன வருஷம் பிள்ளைகள் இல்லத்தில் தத்துக்கு எழுதிப் போட்டார்கள். ஏழு வயசுப் பெண் ஒருத்தியைத் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. முதல் ஆறு வாரம் அவள் எங்களோடு இருந்து பார்ப்பாள். ஆறாவது வாரத்து வெள்ளிக்கிழமை இல்லத்து அம்மா வருவார். பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, இங்கேயே இருக்கிறாயா என்று கேட்பார். இருக்கிறேன் என்றால் எங்கள் பெண். இல்லை என்றாலோ, வாயே திறக்கவில்லை என்றாலோ, பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போய்விடுவாள். எங்கள் மூன்று பேருக்கும் ஓட்டு கிடையாது.

மகள் பெயின்ட் கடையில் நிறம் கலக்கிறவள். ஊருக்கே சரியான நிறம் சொல்கிறவளுக்குத் தன் வீட்டில் அந்தப் பெண்ணுக்காக ஒதுக்கிய அறைக்குச் சொல்ல வரவில்லை. மஞ்சள் அடித்தாள். அதன்மேல் வேறு மஞ்சள். அதன்மேல், என் கண்ணுக்கு முதல் மஞ்சளாகவே தெரிந்த மூன்றாவது மஞ்சள். அந்த அறை உள்ளே நாலு அங்குலம் சுருங்கிப் போனது என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இவ்வளவு அடித்தும் சன்னல் பக்கத்துச் சுவர் வெறுமையாகத்தான் இருந்தது.

"படம் மாட்டலாமா மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"படத்தை எவன் வேணா மாட்டுவான். சுவத்தை எங்கிட்ட விடுங்க மாப்பிள்ளை."

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. தொண்ணூறு நாள் வரை யாரும் தேடி வராத பொருள், அதைக் கண்டெடுத்துக் கொடுத்தவருக்குப் போகும். அவரும் வரவில்லை என்றால் வருஷக் கடைசியில் ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கைக்கடிகாரம், பேனா என்று பொறுக்கினார்கள். நான் யாரும் சீந்தாததை எடுத்தேன். கரண்டி, சல்லடை, டிபன்பாக்ஸ் மூடி. எதற்கு என்று அப்போது தெரியாது. முப்பது வருஷமாக இந்தச் சுவருக்காகத்தான் சேர்த்திருக்கிறேன் என்று இப்போது தெரிந்தது.

மூன்று நாள் சுத்தியலும் கையுமாக இருந்தேன். மேலே வலது ஓரத்தில் ஆரஞ்சுக் குடையை விரித்து மாட்டினேன், சூரியன். சுற்றிலும் ஏழு மரக்கரண்டிகள், கதிர்கள். இடது பக்கம் மாவுச் சல்லடை, நிலா. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, நம் வீட்டில் நேரமெல்லாம் தாத்தா வைத்ததுதான் என்றேன். நடுவே எவர்சில்வர் தட்டு ஒன்றில் நாலு ஜாடி மூடி பொருத்திப் பஸ் செய்தேன். அது ஓடுவதற்குத் தோல் பெல்ட் ஒன்றைச் சாலையாக நீட்டினேன். விரித்த மூக்குக்கண்ணாடிகள் பறவைகள். சீப்புகளை வரிசையாக நிறுத்தி வேலி. ஒரு வாணலி குளமாக, அதில் டிபன்பாக்ஸ் மூடிகள் மீன்களாக. எல்லாம் சேர்த்து இருநூறு சாமான் இருக்கும். மகள் எண்ணிப் பார்த்து இருபத்தாறு என்றாள். சுவரின் நட்ட நடுவில் மட்டும் ஓர் ஆணியைச் சும்மா விட்டேன். வருகிறவள் தனக்குப் பிடித்ததை மாட்டிக்கொள்ளட்டும் என்று.

"அப்பா, சீட்டைக் கழட்டலையா?" என்றாள் மகள்.

ஒவ்வொரு சாமானிலும் நூல் கட்டிய பழுப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எண், கிடைத்த இடம், கிடைத்த தேதி, கடைசியில் 'உரியவர்' என்று போட்டு ஒரு காலிக் கோடு. ஆபீஸ் அட்டை, என் கையெழுத்து. சீட்டில்லாத பொருளைக் கண்டால் எனக்குச் சட்டையில்லாத மனுஷனைக் கண்டதுபோலக் கூச்சமாக இருக்கும்.

"இருக்கட்டும்மா. அதுதான் அழகு."

மகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பெண் ஒரு திங்கட்கிழமை வந்தாள். ஒல்லி, நெற்றியில் விழும் முடி, தோளில் நீலப் பை. வீட்டைச் சுற்றிப் பார்த்த விதத்தில் நான் அவளுக்கு அப்போதே இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்துவிட்டேன். குழாயைத் திறந்து மூடினாள். சன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். மாப்பிள்ளை பட்டறையிலிருந்து கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்த கீழ்த்தாடைப் பல்செட்டை ஒரு கண்ணை மூடி ஆராய்ந்தாள். "யாருது?" என்றாள். "பக்கத்துத் தெரு தபால்காரருது" என்றார் மாப்பிள்ளை. "அவர் இப்ப எப்படிச் சாப்பிடுவார்?" என்றாள். மாப்பிள்ளை அன்றைக்கே அதை முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு சுவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தாள். சிரிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் ஓர் அட்டையைத் திருப்பிப் படித்தாள்.

"ஏழாம் நம்பர் வண்டி, பின் சீட்டு. உரியவர்… ஒண்ணும் எழுதலையே."

"வரலைம்மா."

அடுத்த அட்டை. அதற்கடுத்தது. இருபத்தாறையும் படித்தாள்.

"யாருமே வரலையா, பெரியவரே?" இல்லத்துக் காவலாளியைக் கூப்பிட்டுப் பழகிய பெயர் போலிருக்கிறது. தாத்தா என்று சொல்லச் சொல்லிப் பார்த்தோம், காதில் வாங்கவில்லை.

"வரலை."

"இப்ப வந்து கேட்டா?"

இங்கேதான் என் நாக்கு தன் வேலையைக் காட்டியது. கொஞ்சம் ஊதிவிடாமல் எந்தப் பேச்சையும் முடித்துப் பழக்கமில்லை எனக்கு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"இப்ப வாசல்ல ஒருத்தர் வந்து நின்னு அடையாளம் சொன்னார்னு வை, அடுத்த நிமிஷம் கழட்டிக் குடுத்துருவேன். இருபது வருஷம் ஆனாலும் சரி, முப்பது வருஷம் ஆனாலும் சரி. எவ்வளவு ஆசையா மாட்டியிருந்தாலும் சரி. முப்பத்து மூணு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு ஊசியைக்கூட எனக்குன்னு வச்சுக்கிட்டதில்லை."

பாராட்டுக்குக் காத்திருந்தேன். அவள் குனிந்து ஷூ நாடாவை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டாள். அவ்வளவுதான்.

குளிக்கிற நேரம் தவிர அந்த ஷூவை அவள் கழற்றவில்லை. சாப்பிடும்போது போட்டிருந்தாள், படுக்கும்போதும் போட்டிருந்தாள். பையைப் பிரிக்கவில்லை. மகள் அலமாரியில் மூன்று தட்டு காலி செய்து, உள்ளே பூப்போட்ட காகிதம்கூட விரித்து வைத்திருந்தாள். பெண் காலையில் பையிலிருந்து ஓர் உடுப்பை எடுப்பாள், சாயங்காலம் துவைத்துக் காய்ந்ததை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுப்பாள். நடு ஆணி காலியாகவே இருந்தது. மற்றபடி தொல்லையே இல்லை. மாப்பிள்ளையோடு பல் எண்ணினாள், மகளோடு கடைக்குப் போய் நிறங்களுக்குப் பெயர் வைத்தாள். ஒரு சாம்பல் நிறத்துக்கு 'லேட்டான பஸ்' என்று அவள் வைத்த பெயரைக் கடை முதலாளி டப்பாவிலேயே எழுதி ஒட்டிவிட்டார். ஆனாலும் விருந்துக்கு வந்தவள் போலத்தான். கதவு தட்டப்பட்டால் போதும், எங்கே இருந்தாலும் எழுந்து நின்றுவிடுவாள்.

இரண்டாவது வாரம் போயிற்று, மூன்றாவது போயிற்று. நான் நடந்த நடையில் மாடிப்படி இரண்டு தேய்ந்தே போயின. மாப்பிள்ளை ஒரு கிழவருக்கு மேல்செட்டைக் கீழேயும் கீழ்செட்டை மேலேயுமாகக் கொடுத்துவிட்டார் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். உண்மையில் உறையை மாற்றிப் போட்டார், அவ்வளவுதான். மகள் மட்டும் அமைதியாக இருந்தாள், அதுதான் எனக்குப் பயம்.

ஐந்தாவது வாரம் அவள் சமையலறையில் என்னை மடக்கினாள்.

"அப்பா, முத நாள் அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? நேர்மையைப் பத்திச் சொன்னேன்."

"முழுசாச் சொல்லுங்க."

சொன்னேன். இருபது வருஷம், முப்பது வருஷம், ஊசி, எல்லாம். மகள் அடுப்பை அணைத்தாள்.

"ரெண்டு வயசுல ஒரு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுல கிடைச்ச பிள்ளைப்பா அது. இல்லத்துக் காகிதத்துல 'கிடைத்த இடம்'னு போட்டு எழுதியிருக்கு. அதுகிட்டப் போய், யார் வந்து கேட்டாலும் கழட்டிக் குடுத்துருவோம்னு சொல்லியிருக்கீங்க. ஆசையா மாட்டியிருந்தாலும்னு வேற."

முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் எனக்கு வராத வியர்வை அன்றைக்கு வந்தது.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருந்தது. நான் சொன்னது பொய். தொண்ணூறு நாளுக்கு அப்புறம் பழைய சொந்தக்காரர் வந்து தலைகீழாக நின்றாலும் ஆபீஸ் எதையும் திருப்பித் தராது, அதுதான் விதி. கொஞ்சம் பெரிய மனுஷனாகத் தெரிவதற்காக ஊதிவிட்டேன். நான் சொன்ன பொய்களில் பெரிது, நேர்மையைப் பற்றிச் சொன்னதாகப் போயிற்று.

ஆறாவது வாரத்து வியாழக்கிழமை மத்தியானம், அவள் குளிக்கப் போன நேரத்தில் இருபத்தாறு அட்டையையும் கத்தரித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். சீட்டு போனால் பேச்சும் போகும் என்று கணக்கு. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் சுவரைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குளித்துவிட்டு வந்தவள் காலில் மறுபடி ஷூ இருந்தது, முடிச்சை அவிழ்க்காமலே நுழைத்தது.

"சீட்டை ஏன் வெட்டினீங்க?"

"சும்மா… அழகா இருக்கட்டும்னு."

"சீட்டுதான் அழகுன்னு நீங்க சொன்னதா ஆன்ட்டி சொன்னாங்களே."

"அது வந்தும்மா, நான் அன்னிக்கு ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். தொண்ணூறு நாள் ஆயிட்டா…"

"சீட்டு இல்லாம இருந்தா யாருதுன்னு எப்படித் தெரியும்? அவங்க பாவம்ல?"

கூடையைக் கவிழ்த்து, தரையில் உட்கார்ந்து, இருபத்தாறு அட்டையையும் அதனதன் சாமானில் திரும்பக் கட்டினாள். ஒன்றுகூடத் தவறவில்லை. எந்தச் சல்லடை எந்த வண்டி என்று எனக்கே மறந்திருந்தது. நான் சொல்ல வந்ததை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நம்பியிருப்பாளா என்ன? முதல் நாள் ஒன்று, கடைசி நாள் ஒன்று சொல்கிற கிழவனை நானே நம்பமாட்டேன்.

கட்டி முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தக் கவுன்டர் இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா, நம்ம தெருக் கடைசியில. இதே நடைபாதை, ரோட்டைத் தாண்டக்கூட வேண்டாம்." அவ்வளவு பக்கத்தில் இருந்ததால்தான் முப்பத்து மூன்று வருஷமும் தாமதமாகப் போனேன் என்ற என் வழக்கமான நகைச்சுவையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. இல்லத்து அம்மா பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஒன்பதே முக்காலுக்கு மகள் அறைக்கதவைத் தட்டினாள், பதில் இல்லை. திறந்தாள். நான் மாடிப்படியின் பாதியில், செய்தித்தாளின் நாலாம் பக்கத்தில் இருந்தேன். அவள் கூப்பிட்ட குரலில் மீதிப் படிகளை நான் ஏறவில்லை, பறந்தேன்.

சுவரில் இருபத்தேழு ஆணி. ஒன்றிலும் ஒன்றும் இல்லை. சூரியன், நிலா, பஸ், சாலை, குளம், மீன், எதுவும் இல்லை. பெண்ணும் இல்லை. கட்டிலுக்கு அடியில் நீலப் பையும் இல்லை.

"போயிட்டாப்பா" என்றாள் மகள். சத்தமே இல்லாமல் சொன்னாள். உட்கார இடம் தேடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளை ஒரு செருப்பும் ஒரு ஷூவுமாகப் பூங்கா பக்கம் ஓடினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் என் கை வழக்கப்படி எதையாவது திறந்து மூடும். அலமாரியைத் திறந்தது.

மூன்று தட்டிலும் துணி. சின்னச் சின்னதாக, ஓரம் பார்த்து மடித்து அடுக்கியிருந்தது.

"இங்க பாரும்மா. எழுந்திரு. வீட்டை விட்டுப் போறவ துணியை விட்டுட்டு வாணலியைத் தூக்கிட்டுப் போவாளா?"

மகள் அந்தத் துணிகளைப் பார்த்தாள். ஆறு வாரமாக அந்த அலமாரிக்குள் அவள் பார்க்க ஏங்கிய துணிகள். அவள் எழுந்து நிற்பதற்குள் நான் தெருவில் இருந்தேன்.

கீழே இருந்த, நான் காய்கறி வாங்கிவரும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியையும் காணோம். முடிதிருத்தும் கடைக்காரர் வாசலில் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, வீட்ல சண்டையா? உங்க வீட்டுப் பொண்ணு வண்டி நிறையக் கரண்டியும் வாணலியுமாத் தள்ளிட்டுப் போகுது. மேல ஒரு குடை வேற. பாகம் பிரிச்சுட்டீங்களா?"

"எந்தப் பக்கம்?"

"உங்க பழைய கோட்டை, அந்தக் கவுன்டர் பக்கம்தான்."

ஐந்து வருஷமாக எனக்கு முழங்கால் வலி. அன்றைக்கு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை, யாராவது கவுன்டரில் ஒப்படைத்திருந்தால் தேவலை. அந்தத் தெருவை நான் நாற்பது விநாடியில் கடந்தேன். ஒரு சைக்கிளை முந்தினேன். சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார் என்பது வேறு விஷயம்.

ஆபீஸில் எனக்குப் பின்னால் வந்தவருக்கு முத்திரை மேடம் என்று பெயர். காகிதம் என்று எதைப் பார்த்தாலும் முத்திரை குத்திவிடுவார். கவுன்டருக்கு வெளியே உயர முக்காலியில் எங்கள் இன்ஸ்பெக்டர் தோளில் நீலப் பையோடு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மேஜை முழுக்க என் சுவர். மேடம் பெரிய பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"பத்தொன்பதாவது, மூக்குக்கண்ணாடி, ஒரு கால் இல்லை. கிடைத்த இடம்?"

"என் ரூம், சன்னல் பக்கத்துச் சுவர்."

"பாப்பா, பஸ்ல கிடைச்சதைத்தான் இங்க எழுதறது. ரூம்ல கிடைச்சதுன்னு எப்படி எழுதுவேன்?"

"ஆனா அங்கதான கிடைச்சுது? மாத்திச் சொன்னா பொய்யாயிடும்ல?"

மேடம் பெருமூச்சு விட்டு எழுதினார், 'என் ரூம், சன்னல் பக்கத்துச் சுவர்'. பத்தொன்பது வரியிலும் அதுவே. ஆறு வாரத்தில் அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டிராத வார்த்தை பதிவேட்டில் பத்தொன்பது தடவை இருந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்கியதால்தான்.

மேடம் நிமிர்ந்தார். "வாங்க சார். நீங்க போட்ட விதிதானே, கவுன்டருக்கு வந்த பொருளைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு? காலையில இருந்து அனுபவிக்கிறேன்." என்னைக் காட்டி அவளிடம் கேட்டார், "இவர் யாரு பாப்பா உனக்கு?"

"எங்க வீட்டுப் பெரியவர்."

மகளிடம் போனில், "கிடைச்சுட்டா" என்று மட்டும் சொன்னேன். பிறகு முக்காலிப் பக்கத்தில் நின்றேன்.

"ஏம்மா சொல்லாம வந்தே?"

"இன்னிக்கு இல்லத்தம்மா வந்து கேப்பாங்க." என்னைப் பார்க்காமல் மரக்கரண்டியைப் பார்த்துப் பேசினாள். "எப்ப யாரு வந்து எதைக் கேப்பாங்களோன்னு பார்த்துக்கிட்டே இருக்கற ரூம்ல எப்படி இருக்கறது? அதான் எல்லாத்தையும் குடுத்துட்டா யாரும் வர வேண்டியிருக்காதுல்ல."

என்னிடம் ஒரு பதில் இருந்தது. ஆனால் என் வாய்க்கு அவளிடம் மதிப்பு போய்விட்டது. அதனால் மேடத்தைக் கேட்டேன்.

"மேடம், விதிப் புத்தகத்தை எடுங்க. பதினாலாவது விதி. சத்தமாப் படிங்க."

மேடத்துக்கு இதைவிட இனிப்பான வேலை உண்டா? கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "பொருள் பதிவான நாளிலிருந்து தொண்ணூறு நாள்களுக்குள் உரியவர் வராவிடில் அப்பொருள் கண்டெடுத்தவரைச் சேரும். அதன் பின் எவர் எத்தகைய அடையாளம் கூறினும் கோரிக்கை ஏற்கப்படாது."

"ஏற்கப்படாதுன்னா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"கிடையாதுன்னு அர்த்தம்."

"அழுதாங்கன்னா?"

"அழுதாலும் கிடையாது."

"நிஜமாவே அவங்களுதா இருந்தா?"

மேடம் கொஞ்சம் யோசித்தார். "தொண்ணூறு நாள் தேடாம இருந்துட்டு அப்புறம் வந்து என் பொருள்னு சொல்ல முடியாது பாப்பா. அதை வச்சுப் பார்த்துக்கிட்டவங்களுதுதான்."

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அந்த வரியில் விரலை வைத்து, எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். பிறகு அந்த விரலாலேயே என்னைக் காட்டினாள்.

"நீங்க வேற மாதிரி சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"பெருமைக்கு."

இதை அவள் ஏற்றுக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த பெரியவர்கள் யாரும் இவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டதில்லை.

"அப்ப இதெல்லாம் ஏற்கெனவே நம்மளுதா?"

"ஆமாம்மா. இருபது வருஷமா."

"அப்ப திருப்பி எடுத்துட்டுப் போலாம்."

"முடியாது" என்றார் முத்திரை மேடம். "பதிஞ்சது பதிஞ்சதுதான். அடிச்சு எழுத விதி இல்லை. தொண்ணூறு நாள் இங்கதான் இருக்கும். அப்புறம் கண்டெடுத்தவருக்குக் கடிதம் போடுவோம். கண்டெடுத்தவர் நீ. நாலாம் நம்பர், மஞ்சள் கேட், மேல் மாடின்னு நீதானே முகவரி சொன்னே? அந்த முகவரியில நீ இருந்து, நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும். இல்லைன்னா கிடையாது."

நான் மேடத்தைக் கட்டிப்பிடிக்காததற்கு நடுவில் கவுன்டர் இருந்ததுதான் காரணம். இன்ஸ்பெக்டர் விரல்விட்டு எதையோ எண்ணினாள். பிறகு மிச்சம் ஏழு சாமானையும் ஒவ்வொன்றாக மேடம் பக்கம் நகர்த்தினாள்.

"இதையும் எழுதிக்குங்க" என்றாள். இருபத்தாறுக்கும் முத்திரை குத்திய ரசீது வாங்கிக்கொண்டுதான் இறங்கினாள்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது இல்லத்து அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வாசலுக்கும் சன்னலுக்கும் நடந்துகொண்டிருந்த மகள் பெண்ணைப் பார்த்ததும் ஓடி வந்தாள். கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் முடியை மட்டும் ஒதுக்கிவிட்டாள். பெண் தலையை நகர்த்தவில்லை. இல்லத்து அம்மா அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

நாங்கள் மூன்று பேர் வெளியே. மாப்பிள்ளை இன்னும் ஒரு செருப்பும் ஒரு ஷூவுமாக நின்றார். நான் சமையலறைக்குப் போய்க் கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்து வந்து, கதவில் கவிழ்த்துக் காதை வைத்தேன்.

"அப்பா, வெக்கமா இல்லையா?" என்றாள் மகள் கிசுகிசுப்பாக. அடுத்த நிமிஷமே, "என்ன சொல்றா?" என்றாள்.

"சுவத்துல ஏன் ஒண்ணுமே இல்லை, வெறும் ஆணியா இருக்குன்னு கேக்கறாங்க."

"அவ?"

"ரசீதைப் படிச்சுக் காட்டறா. இருபத்தாறும். ஒவ்வொண்ணா."

"மாமா, முக்கியமானதைச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை.

"சும்மா இருங்க, கேக்கறாங்க… இங்க இருக்கறியாம்மான்னு கேட்டுட்டாங்க."

நான் டம்ளரை அழுத்தின அழுத்தில் கதவில் இன்றைக்கும் வட்டமாக ஒரு தடம் இருக்கிறது. பெண்ணின் குரல் தெளிவாக வந்தது. சொல்லப்போனால் டம்ளரே தேவைப்படவில்லை.

"இருக்கணுமே. தொண்ணூறு நாள் கழிச்சு லெட்டர் வரும். நான்தான் போய் வாங்கணும்."

"அது சரிம்மா. தொண்ணூறு நாள் ஆனப்புறம்?"

"அப்புறம் திருப்பி மாட்டணும். பெரியவருக்கு ஒழுங்கா மாட்டத் தெரியலை, சூரியனும் நிலாவும் ஒண்ணா இருக்கு. நிறைய வேலை இருக்கு." பிறகு, "அதுக்கப்புறம் யாரு வந்து கேட்டாலும் கிடையாது. விதி இருக்கு. பதினாலு" என்றாள்.

இல்லத்து அம்மா என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்று அதற்கு மேல் எனக்குத் தெரியாது. மகள் என் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கித் தன் முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை பல் தெரியச் சிரித்தார். தொழில்காரர் பல் இவ்வளவு கோணலா என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

கதவு திறந்தது. இல்லத்து அம்மா காகிதத்தை மடித்துக்கொண்டே வெளியே வந்தார். "இருக்கறாளாம்" என்றார். "மிச்சக் காகிதங்களை அடுத்த வாரம் அனுப்பறேன்." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், கடையில் பால் இருக்கிறது என்று சொல்வதைப் போல.

நான் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் கட்டிலில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஷூ நாடாவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஆறு வார முடிச்சு, லேசில் அவிழுமா? நடு ஆணியில் நீலப் பை தொங்கியது. காலிப் பை, வயிறு ஒட்டி, ஜிப் திறந்தபடி. மூன்று அடுக்கு மஞ்சள்மேல் அது நன்றாகத்தான் இருந்தது.

என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. அங்கே எப்போதும் ஒரு பழுப்பு அட்டையும் நூலும் இருக்கும். பாதி வெளியே எடுத்தும் விட்டேன். மகள் பார்த்த பார்வையில், அதாலேயே முதுகைச் சொறிந்துகொண்டு சமையலறைப் பக்கம் நடந்தேன்.